ராகு காலத்தில் கோரம்

எங்கள் வெள்ளைப்பாறை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் காரியதரிசியாக இருந்தபோது பிரசிடெண்டு அருணகிரிக்கு லத்தீன் வந்துவிட்டது. ஜுரம் வருகிற மாதிரிதான் வந்தது. கூட்டுறவு மாநாடு ஒன்றுக்காகச் சேலம் போனவர், திரும்பும்போது செவ்வாய்ப்பேட்டையில் பழைய புஸ்தகம் விற்கிறவனிடம் ஓர் இங்கிலீஷ் அகராதி வாங்கினார். அதன் கடைசிப் பக்கங்களில், வக்கீல்களும் துரைமார்களும் பேச்சுக்கு நடுவில் போடும் லத்தீன் வார்த்தைகள் அர்த்தத்தோடு அச்சாகியிருந்தன. அகராதியின் மற்றப் பக்கங்களை அவர் புரட்டியதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடைசிப் பக்கங்கள் மட்டும் ஒரு மாதத்துக்குள் கையெண்ணெய் பட்டு மஞ்சளாகிவிட்டன.

அதற்கப்புறம் சங்கத்தில் எதுவும் பழைய மாதிரி நடக்கவில்லை. ஒழுகுகிற ஓட்டை மாற்ற மூன்று பேரை அனுப்பினால் அது 'அட் ஹாக்' கமிட்டி. ஊருக்குப் போன ஆளுக்குப் பதில் இன்னொருவர் நாலு நாள் நூல் நிறுத்துக் கொடுத்தால் அவர் 'புரோ டெம்'. கூப்பிட்டு வராதவன் விஷயத்தில் 'எக்ஸ் பார்ட்டி'யாக முடிவு. அங்கத்தினர்களுக்கு இது பிடிக்காமல் இல்லை. நம்முடைய சங்கமும் கோர்ட்டு மாதிரி ஆகிவிட்டதே என்று ஒரு பெருமை. மருதாசலம் என்று ஓர் அங்கத்தினர், வாய்க்குப் பூட்டு இல்லாத மனுஷன், பெண்டாட்டி கோபத்தில் சோறு போடாத அன்றைக்குச் சங்கத்தில் வந்து, "இன்னிக்கு நம்மூட்டுல எக்ஸ் பார்ட்டிங்க. என்னைய ஒரு வார்த்த கேக்காமயே தீர்ப்பாயிப் போச்சு" என்பான்.

"சிரிக்காதீங்கய்யா" என்று ஒருநாள் பிரசிடெண்டு எல்லோருக்கும் விளக்கினார். "உங்களுக்கே தெரியாம நீங்களும் லத்தீன்தான் பேசறீங்க. ஏ.எம்., பி.எம்.னு சொல்றீங்களே, அது லத்தீன். மைனர்னு சொல்றமே, லத்தீன். வைஸ் பிரசிடெண்டுல அந்த வைஸ் இருக்குதே, அதும் லத்தீன்."

வைஸ் பிரசிடெண்டு கந்தவேல் பெரியவர். அவர் தலையிலிருந்த உருமாலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்குத் தெரியாமயே எம்மேல என்னென்னத்தையோ ஏத்தி வெச்சிருக்கறீங்க, சாமி" என்றார்.

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சாரதாமணி வந்தாள்.

சாரதாமணியின் புருஷன் வெங்கடாசலம் சங்கத்து அங்கத்தினர். போன வருஷம் மாசி மாதம் காலமாகிவிட்டான். அங்கத்தினராக இருந்தால் சங்கம் நூல் கொடுக்கும்; வீட்டுத் தறியில் நெய்து துணியைச் சங்கத்தில் போட்டால் கூலி வந்துவிடும். அவன் போன பிறகு நூல் நின்றது. வீட்டிலே தறி சும்மா கிடக்க, இவள் நூல் வியாபாரி சரவணமுத்துவின் கொட்டகைக்குக் கூலிக்கு நெய்யப் போனாள். இருட்டோடு போய் இருட்டிய பிறகு வருவாள். இரண்டு பெண் குழந்தைகளும் பகல் முழுவதும் பக்கத்து வீட்டு வாசலில்தான். அகலக்கரை வேட்டி நெய்வதில் அவள் கைக்கு ஈடு அந்தப் பக்கத்தில் கிடையாது. கொட்டகையின் பேரே அவளால்தான் நின்றது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. புருஷன் இடத்தில் தன்னை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெய்ய வேண்டும்.

பிரசிடெண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சங்கத்தின் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டினார்.

"அம்மிணி, மெம்பர் செத்துப் போனா அவரோட மெம்பர்ஷிப்பு இப்ஸோ பேக்டோ போயிருது."

சாரதாமணி கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஊட்டுக்காரரு வெசக் காய்ச்சல்லதானுங்ணா போனாரு. நீங்க சொல்ற நோவு ஊர்ல யாருக்கும் வல்லீங்களே."

மருதாசலம் வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தான். பிரசிடெண்டு சிரிக்கவில்லை. "தானாவே போயிருதுன்னு அர்த்தம்" என்றார்.

"அவரு போனதே போதுமுங்ணா. நூலையாச்சும் திரும்பக் குடுங்க."

சட்டப் புஸ்தகத்தில் வழி இருக்கத்தான் இருந்தது. இறந்தவரின் வாரிசை ஒரு வருஷத்துக்குள் பொதுக்கூட்டம் கூடி ஏற்றுக்கொண்டால் சேர்த்துக்கொள்ளலாம். வருஷம் தாண்டினால் அந்த இடம் ரத்து. அதை நான் எடுத்துக் காட்டினேன். பிரசிடெண்டுக்குச் சங்கடம்தான், ஏனென்றால் நூல் வியாபாரி சரவணமுத்து அவருடைய சம்சாரத்தின் தம்பி; சங்கத்து அங்கத்தினரும்கூட. ஆனாலும் சட்டம் என்று வந்துவிட்டால் மனுஷன் மறைக்கிறவர் இல்லை. "அஜெண்டாவுல போடுங்க. வர்ற செவ்வாக்கெழமை மூணு பி.எம்." என்று சொல்லிவிட்டார். நோட்டீசு எழுதி வீடு வீடாகக் கொடுத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஜமக்காளம் விரித்து, பிரசிடெண்டுக்கு மேஜை நாற்காலி போட்டு, பானையில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். பிரசிடெண்டு மூன்றுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் வந்து உட்கார்ந்தார். கடிகாரம் மூன்று அடித்தது. உள்ளே நாங்கள் இரண்டு பேர். எனக்கோ சம்பளக்காரன் என்பதால் வோட்டுக் கிடையாது.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே காப்பிக் கிளப்பு வாசலில் சங்கத்தார் பாதிக்கு மேல் நிற்கிறார்கள். வெற்றிலை போடுகிறார்கள், சுவரில் சாய்ந்து பேசுகிறார்கள். ஒருவர்கூடத் தெருவைத் தாண்டவில்லை.

நான் போய்க் கூப்பிட்டேன்.

"ஏனுங்க செகரெட்டரி, படிச்சவருதான நீங்க?" என்றார் கந்தவேல். "செவ்வாக்கெழமை மூணு மணியிலிருந்து நாலரை வரைக்கும் என்னங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராகு காலம்.

"நாலரை ஆகட்டும், ஒரே மூச்சா வந்து உக்காந்துக்கறோம். ஒண்ணும் அவசரமில்லீங்களே?"

அவசரம் இருந்தது. கூட்டம் நடத்தக் குறைந்தது பன்னிரண்டு பேர் உள்ளே இருக்க வேண்டும். குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் அந்த எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டம் ஒத்திப்போனதாக அர்த்தம். இதைச் சொல்லிக் கெஞ்சினேன். அவர்கள் அசையவில்லை. மூன்றரை அடித்ததும் பிரசிடெண்டு வாசலுக்கு வந்து உரக்கச் சொன்னார்: "கோரம் இல்லை. கூட்டம் ஒத்தி வைக்கப்பட்டது."

"பேரைப் பாரு, கோரமாமா!" என்றான் மருதாசலம். "அது இல்லாட்டி நல்லதுதானுங்களே?"

"கோரம்னா கூட்டம் நடக்கறதுக்கு வேண்டிய தலைங்க. லத்தீன்" என்று பிரசிடெண்டு சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாளையும் நேரத்தையும் அவர் வேண்டுமென்று குறிக்கவில்லை. பஞ்சாங்கம் பார்க்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. ஆனால் சட்டப் புஸ்தகத்தின் அடுத்த வரியைப் படித்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கோரம் இல்லாமல் ஒத்திவைத்த கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமை, அதே மணிக்குக் கூட வேண்டும். அந்தத் தடவை வந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரே கோரம். ஒரே ஆள் வந்தாலும் அவர் வோட்டே தீர்மானம்.

அதே கிழமை, அதே மணி என்றால் மறுபடியும் ராகு காலம்.

"அப்ப ஒரு ஆளும் வரமாட்டாங்க" என்றேன்.

"சரவணமுத்து வருவான்" என்றார் பிரசிடெண்டு, மேஜை மேலிருந்த தூசியை ஊதிக்கொண்டே. "இன்னிக்குச் சேலம் போயிட்டான். அடுத்த வாரம் வந்து வேண்டாம்னு ஒரு கையத் தூக்கட்டும். அப்பறம் கூட்டம் சைனி டை. அதாவது அடுத்த நாள் குறிக்காம முடிக்கறது. நான் என்ன பண்ணட்டும்? பை-லாவுல ராகு இல்லியே."

அந்த வாரத்தோடு வெங்கடாசலம் இறந்து வருஷம் திரும்புகிறது. அதற்கப்புறம் கூட்டம் கூட்டியும் பிரயோஜனமில்லை.

விஷயம் சாயங்காலத்துக்குள் சாரதாமணிக்குப் போய்விட்டது. நான் கந்தவேல் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது கொட்டகையிலிருந்து நேரே வந்தாள். தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது.

"மாமா, நீங்கெல்லாம் என்னைய வேண்டாங்கறீங்களா? மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுங்க. நான் பாட்டுக்குக் கொட்டாயிலயே கெடக்கறேன்."

"ஐயோ, என்ன பேச்சு அம்மிணி! உனக்காவத்தானே உள்ள போவாம நின்னோம்" என்று கந்தவேல் எழுந்துவிட்டார். "ராகு காலத்துல கையத் தூக்கி உன்னையச் சேத்தா அது வெளங்குமா? நாளைக்குத் தறி முறிஞ்சாலும் நூலு அறுந்தாலும் நாங்க பண்ணுன வேலைன்னுதான ஆவும்? உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கொட்டாயில நான் ராகு காலம் பாத்துட்டா நெய்யறேன்? அங்கெல்லாம் நூலு அறுவறதில்லீங்களே."

"அது கூலி வேலை. இது புதுசா ஒரு காரியம் தொடங்கறது. ரெண்டும் ஒண்ணாவாது."

நான் பேசிப் பார்த்தேன். மூன்று மணிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன என்றேன். உட்கார்ந்தாலும் கூட்டம் தொடங்குவது மூன்றுக்குத்தானே, தொடங்குகிற நேரம்தான் கணக்கு என்று பெரியவர் சொல்லிவிட்டார். அவர் நகராமல் மற்றவர்களும் நகர மாட்டார்கள். ஊரில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நேரம் பார்த்துச் சொல்கிறவர் அவர்தான்.

சாரதாமணி புறப்பட்டாள். நடையைத் தாண்டியவள் அப்படியே நின்று திரும்பினாள்.

"மாமா, நீங்க தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பொறப்பட்டீங்களே, என்ன கெழமைங்க அது?"

"சனிக்கெழமை. வண்டி ஒம்போது மணிக்குத்தான் வந்துது. அதுக்கென்ன இப்ப?"

"சனிக்கெழமை ஒம்போதுக்கு ராகு காலமாச்சுங்களே. எப்படிப் போனீங்க?"

"ஏன், மொத நாளே நல்ல நேரம் பாத்து மூட்டையக் கொண்டாந்து உங்க பக்கத்தூட்டுலதான பரஸ்தானம் வெச்சேன்! மூட்டை பொறப்பட்டதுதான் நான் பொறப்பட்டது. அப்பறம் எந்த நேரத்துல கெளம்புனா என்ன?"

சொல்லி முடித்த பிறகுதான் பெரியவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று பிடிபட்டது. வாயைத் திறந்தபடி சாரதாமணியைப் பார்த்தார்.

"செகரெட்டரி" என்றார் கந்தவேல் என்னிடம் மெதுவாக, "சங்கத்தக் காலையில எப்பங்க தொறப்பீங்க?"

"பத்து மணிக்கு."

"செவ்வாக்கெழமை பத்தே முக்காலுக்கு மேல நல்ல நேரம்" என்று அவர் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதற்காக எடுத்தாரே தவிர, அவருக்கு அது மனப்பாடம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலிலிருந்து வரிசையாக வந்தார்கள். கந்தவேல் முதலில் வந்து கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டு, தன் உருமாலை அவிழ்த்து ஜமக்காளத்தின் முன்வரிசையில் மடித்து வைத்தார். அடுத்தவர் துண்டு. அதற்கடுத்தவர் சுருக்குப்பை. ஒருவர் குடை கொண்டுவந்தார். வீட்டுக்குப் போகையில் வெயில் என்று அதை எடுத்துக்கொண்டு பொடி டப்பியை வைத்துவிட்டுப் போனார். மருதாசலம் ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்தான். அதை உள்ளே வைக்கக்கூடாது என்று நான் தடுத்ததும் இடுப்பு அரைஞாணில் கோத்திருந்த முள்வாங்கியை அவிழ்த்து வைத்தான். பன்னிரண்டு மணிக்குள் ஜமக்காளத்தில் உட்கார இடமில்லை.

இரண்டரை மணிக்குச் சரவணமுத்து வந்தார். ராகு காலத்துக்குப் பயந்து முன்கூட்டியே உள்ளே போய் உட்கார்ந்துவிடுவது அவர் யோசனை. சலவை வேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு. உள்ளே கால் வைத்தவர் திகைத்துவிட்டார்.

"என்னங்க இது? சங்கத்துல ஏலமா?"

"தெரியலீங்க. வெளியில கேட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் காப்பிக் கிளப்புப் பக்கம் போனார். மருதாசலம் அவரை விட்டால்தானே! வேட்டிச் சலவை எங்கே என்று ஆரம்பித்தான், சேலத்தில் நூல் விலை கேட்டான், அவருடைய மாமனார் உடம்பை விசாரித்தான். துணிகள் எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. கடைசியில் சரவணமுத்து பொறுமை இழந்து, "அட, அது என்னத்துக்குன்னுதான் சொல்லித் தொலையேன்" என்றபோது மருதாசலம் குரலைத் தாழ்த்தினான்.

"பரஸ்தானமுங்க. நல்ல நேரத்துல துண்ட வெச்சாச்சு. இனி ராகு என்ன, எமகண்டத்துலயே உள்ள போலாம். நீங்க வெச்சுட்டீங்கல்ல?"

"நானா? இல்லியே."

உள்ளே கடிகாரம் மூன்று அடித்தது.

"அடடா" என்றான் மருதாசலம். நிஜமாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

"நான்தான் முன்னாலயே உள்ள போயி வந்தேனே!"

"வந்துட்டீங்களே, அதானுங்க. போன காரியம் முடிஞ்சு திரும்புன கணக்கு. இப்பப் போனாப் புதுசாப் பொறப்பட்ட மாதிரி. உங்க இஷ்டமுங்க. யாவாரம் பண்றவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

சரவணமுத்து சங்கத்துப் படி வரைக்கும் போனார். ஒரு காலைத் தூக்கினார். என்ன நினைத்தாரோ, அந்தக் காலைத் திரும்பக் கீழே வைத்துவிட்டார். அவரைச் சுற்றிக்கொண்டு சங்கத்தார் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவரவர் சாமானை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

பிரசிடெண்டு நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "துண்டு போட்டு எடம் புடிச்சதெல்லாம் செல்லாது. ஆளு இல்லாம இன் அப்சென்ஷியாவா வந்தது கணக்குல வராது" என்றார்.

"துண்டு நல்ல நேரத்துக்குங்க. வோட்டுக்கு நாங்களே வந்திருக்கறோமுங்க" என்றார் கந்தவேல்.

எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மேல் தாராளமாக இருந்தார்கள். தீர்மானத்தை வாசித்தேன். கந்தவேல் முன்மொழிந்தார். வழிமொழிய ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "ஆட்சேபணை உண்டா?" என்று பிரசிடெண்டு வாசலைப் பார்த்துக் கேட்டார். வாசலில் சரவணமுத்துவின் ஜரிகைத் துண்டு மட்டும் தெரிந்தது.

"வெளியில இருந்து சொன்னாக் கணக்குல வருங்களா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

பிரசிடெண்டு சட்டப் புஸ்தகத்தைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குப் பக்கத்திலிருந்து தெரிந்தது. "உள்ள இருக்கறவங்க சொல்றதுதான் கணக்கு, சரவணா" என்றார்.

தலைவருக்கு வோட்டு இரண்டு பக்கமும் சமமாக வந்தால்தான். இங்கே ஒரு பக்கம் ஆளே இல்லை. பிரசிடெண்டு பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு அகராதியை இழுத்துக் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, விரலால் ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். எங்கள் சங்கத்தில் ஒருநாளும் எல்லோரும் ஒத்துப்போனது கிடையாது. அதனால் அந்த ஒரு வார்த்தையை உபயோகிக்க அவருக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

"நெம் கான்" என்றார். குரல் அவரை மீறிக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "எதுத்துப் பேச ஒருத்தரும் இல்லாம நிறைவேறியது. எழுதிக்குங்க செகரெட்டரி. நெம், புள்ளி. கான், புள்ளி."

எழுதினேன். சாரதாமணியை உள்ளே கூப்பிட்டோம். அவள் கொட்டகையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து பின்பக்கச் சுவரோரம் நின்றிருந்தாள். கையெழுத்துப் போடத் தெரியும். இங்கிலீஷில் வேண்டுமா தமிழில் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தமிழில் போட்டாள்.

"இனி நூலு குடுப்பீங்களா?"

"நாலரை ஆவட்டும் அம்மிணி, நல்ல நேரத்துல வாங்கிக்க" என்றார் கந்தவேல்.

"இருக்கட்டுங்க மாமா. இப்பவே வாங்கிக்கறேன். புள்ளைங்க பக்கத்தூட்டுல இருக்குதுங்க."

பிரசிடெண்டு சாவியை என்னிடம் தள்ளினார். நான் அறையைத் திறந்து ஒரு கட்டு நூல் எடுத்து வந்து கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போகவில்லை. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டைப் பிரித்து, நடுவிலே கையை விட்டுப் பார்த்தாள். ஒரு நூல் சிட்டத்தை உருவி மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது ஈரம் ஏறுன நூலுங்ணா. எடைக்கு நிக்கும், தறியில பாவுக்கு நிக்காது, அறுந்துரும். வேற கட்டுக் குடுங்க."

"வந்ததும் வராததுமாவா?" என்றார் பிரசிடெண்டு. "குறை இருந்தா அடுத்த கூட்டத்துல எழுந்து சொல்லோணும். அதுக்குன்னு ஒரு முறை இருக்குது."

"இப்பக் கூட்டந்தானுங்களே நடக்குது. இன்னும் முடிச்சேன்னு நீங்க சொல்லலீங்களே?"

அவர் இன்னும் முடிக்கவில்லைதான். நெம் கான் சொன்ன சந்தோஷத்தில் சைனி டை சொல்ல மறந்துபோயிருந்தார்.

"நான் மெம்பருங்க" என்று சாரதாமணி எழுந்து நின்றாள். ஜமக்காளம் முழுவதும் அவளைப் பார்த்தது. ஒரு நிமிஷம் அவளுக்கே கூச்சமாகிவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். ஆனால் உட்காரவில்லை. "இந்தக் கட்டு ஈரமா இருக்குதுங்க. எனக்கு முன்னால வாங்குனவங்களும் இதைத்தான் வாங்கியிருப்பாங்க. கேட்டுப் பாருங்க."

"ஆமாங்க" என்றது ஒரு குரல். "எனக்கும் அப்படித்தானுங்க" என்றது இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிரசிடெண்டு மேஜையைத் தட்டி, அகராதியையும் தட்டி, கடைசியில் லத்தீனை விட்டுவிட்டு, "அட, கொஞ்சம் வாய மூடுங்கய்யா! வேற கட்டு எடுத்துக் குடுங்க செகரெட்டரி" என்று நல்ல தமிழில் கத்தினார்.

காய்ந்த கட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைத்துக்கொண்டாள். படியில் நின்றிருந்த சரவணமுத்து ஒதுங்கி வழி விட்டார்.

"நாளைக்குக் கொட்டாயிக்கு வருவியா?" என்று கேட்டார்.

"தறியில ஏத்துன வேட்டிய முடிச்சுக் குடுக்க வாரேனுங்க. அப்பறம் வல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.